வார்த்தை கொடுத்த பிறகு வந்த வலி

எங்கள் குடும்பத்தில் உடம்பை வைத்து நாடகம் ஆடியவர் ஒருவர்தான். அவர் என் பெரியப்பா. வீட்டிலிருந்து யாராவது வெளியே கிளம்பினால் அவருக்கு நெஞ்சு வலிக்கும். தம்பி வெளியூர் வேலைக்குப் பெட்டி கட்டியபோது வலித்தது. மகள் மேல்படிப்புக்குப் புறப்பட்டபோது வலித்தது. பெட்டியைப் பிரித்துத் துணியை மறுபடி அலமாரியில் அடுக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதே" என்பார். கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தது நெஞ்சுவலியால் அல்ல, வயிற்றுக் கோளாறால். ஆனாலும் உறவில் இன்றுவரை அவர் பெயர் நெஞ்சுவலித் தாத்தா. விசேஷ வீடுகளில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கும்போது நான் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடுவேன்.

அந்தப் பெயர் என் வீட்டுப் படி ஏறக்கூடாது என்பதில் நான் கண்ணும் கருத்துமாக இருந்தேன். குடிநீர்க் குழாய்த் துறையில் மேற்பார்வையாளராக இருந்த காலத்தில் காய்ச்சலோடு பள்ளத்தில் இறங்கியிருக்கிறேன். நான் முதுகை வளைத்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கொடுத்த வார்த்தையை மாற்றிப் பேசியதும் கிடையாது.

என் மருமகள் பிசியோதெரபி படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். முன்பின் தெரியாதவர்களின் இடுப்பையும் காலையும் பிடித்துவிட எங்கள் வீட்டுப் பெண் போவதாவது என்பது என் கட்சி. "பிடிச்சுவிடறது இல்லப்பா, அது வைத்தியம்" என்று மகன் பல தடவை சொல்லியிருக்கிறான். அந்தப் பெண் ஒரு தடவையும் வாய் திறந்ததில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. என் அப்பா என் மனைவியிடம் பேசியதில்லை, நான் இவளிடம் பேசவில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் என் மனைவி வழியாகப் போகும், அவள் வழியாகவே வரும்.

போன வாரம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மருமகளுக்கு அழைப்பு வந்தது. திங்கட்கிழமை காலை சேர வேண்டும். மகன் சாப்பாட்டு மேசையில் விஷயத்தைப் போட்டான். குரல் உயர்ந்தது, தட்டு நகர்ந்தது, என் மனைவி அழுதாள். கடைசியில் நான் சொன்னேன்: "போகட்டும். எனக்குப் பிடிக்கல. ஆனா போகட்டும்னு சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான்." அந்த வேலையைப் பற்றி என் எண்ணம் அன்றும் மாறவில்லை, இன்றும் மாறவில்லை. ஆனால் வார்த்தை வார்த்தைதான்.

இது நடந்தது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

எப்படிப் பிடித்தது என்று சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. மருமகள் கல்யாணத்தின்போது கொண்டுவந்த பந்து ஒன்று பரணில் கிடந்தது. உடற்பயிற்சிக்கு ஆகும் பந்தாம், ஆள் உட்காரும் அளவு பெரிது, நிறமோ கண்ணைப் பறிக்கும் ஊதா. வேலைக்குப் போகப்போகிறாள் என்றதும் மகன் அதை இறக்கிக் காற்றடித்துக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டான். யாராவது வந்தால் என்ன நினைப்பார்கள்? அதை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று குனிந்தேன். தூக்கக்கூட இல்லை, ஒரு கையால் தொட்டேன். இடுப்பின் இடப்பக்கம் யாரோ குழாய்ச் சாவியைப் போட்டு முறுக்கியது போல இருந்தது. பந்து உருண்டு போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. நான் கூடத்துத் தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்தேன்.

மகன் ஓடிவந்தான். "என்னப்பா தூக்கினீங்க?"

"பந்து."

அவன் பந்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகத்தில் முதலில் பயம் இருந்தது. பிறகு அது மெல்ல வடிந்து வேறொன்று வந்தது. பெரியப்பாவைப் பற்றிச் சிரிக்கும் உறவுக்காரர்களின் முகத்தில் நான் பார்த்த அதே முகம்.

"இந்தப் பந்தா? ஊதினா பறக்கும்பா இது."

என்னைக் கட்டிலுக்குக் கொண்டுபோக மகனும் எதிர்வீட்டுத் தையல்காரரும் வேண்டியிருந்தது. தையல்காரர் என் கால்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "சார், நீங்க பாக்கத்தான் ஒல்லி, உள்ள இரும்பு வச்சிருக்கீங்க" என்றார். வேறு சமயமாக இருந்தால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருப்பேன்.

மருமகள் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. முறை தெரிந்தவள். என் மனைவி கட்டில் அருகே நின்றாள். பிறகு நடந்த கூத்தை நான் எந்த ஜன்மத்திலும் மறக்க மாட்டேன்.

"அத்தை, வலி காலுக்கு இறங்குதான்னு கேளுங்க."

"காலுக்கு இறங்குதாங்க?"

"இல்லை."

"காது இருக்கு அவளுக்கு, கேட்டிருக்கும்" என்று எனக்குச் சொல்லிவிட்டு, "இல்லையாம்" என்று அவளுக்கும் சொன்னாள் என் மனைவி.

"கால் மரத்துப் போகுதா? கட்டை விரலைத் தூக்க முடியுதா?"

அதுவும் போய், வந்தது. மருமகள் தரையைப் பார்த்தபடி, "அத்தை, ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது சிரமம் இருக்கா? அடக்க முடியலையா, இல்ல வரவே மாட்டேங்குதா? உட்கார்ற இடம் மரத்த மாதிரி இருக்கான்னும் கேட்டே ஆகணும். இது ரொம்ப முக்கியம்" என்றாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். மருமகள் கேட்கிறாள், மாமனார் தன் மூத்திரத்தைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டும். பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன், ஆனால் இறங்கக்கூட இடுப்பு வேண்டுமே.

"எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லு."

"எல்லாம்னா எது எதுன்னு கேக்குறா."

"எல்லாம்னா எல்லாம்!" என்று கத்தினேன். கத்தியதில் இடுப்பு இன்னொரு சுற்று முறுக்கிக்கொண்டது.

"பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லை அத்தை" என்றாள் அவள். "தசை இறுக்கிப் பிடிச்சிருக்கு. வலி எவ்வளவுன்னு கேளுங்க. பத்துக்கு எவ்வளவு? ஒண்ணுமே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியாதுன்னா பத்து."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. வலிக்கு மார்க் போட நான் என்ன பள்ளிக்கூடப் பையனா?

மறுநாள் மகன் என்னை ஒரு டாக்டரிடம் கொண்டுபோனான். காரில் ஏறியதையும் இறங்கியதையும் எழுதப்போவதில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனாவால் ஒவ்வொரு எலும்பாகத் தட்டிக்கொண்டே வந்தார். பிறகு மகனைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க அப்பாவுக்கு முதுகெலும்பு பிரமாதமா இருக்கு. இந்த வயசுல இவ்வளவு சுத்தமான படம் நான் பாத்ததே இல்லை."

வாழ்நாள் முழுவதும் என் முதுகைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. அன்றைக்கு அந்த வார்த்தை என் தலையில் கல்லாக விழுந்தது. எங்காவது ஒரு எலும்பு கொஞ்சம் நகர்ந்திருக்கக் கூடாதா, ஒரு கீறல் விழுந்திருக்கக் கூடாதா என்று அந்தப் படத்தைப் பார்த்து ஏங்கினேன். மாத்திரை எழுதிக்கொடுத்து, படுத்தே இருக்கக் கூடாது, நடக்க வேண்டும், மற்றதை பிசியோதெரபிஸ்ட் பார்த்துக்கொள்வார் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

திரும்பும் வழியில் மகன் கார்க் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னான்: "பெரிய தாத்தாவுக்கு நெஞ்சுவலி. உங்களுக்கு இடுப்புவலி. கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு, அவ்வளவுதான்."

"என்னடா சொன்ன?"

"வேண்டாம்னா வேண்டாம்னு செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாமேப்பா. எதுக்கு இவ்வளவு கஷ்டம்?"

அவனை அடிக்கக் கை ஓங்கும் வயதை அவன் தாண்டிவிட்டான், ஓங்க முடிகிற நிலையில் நானும் இல்லை. வலிக்கிறது என்று நான் சொல்வதைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை. அந்தச் சாட்சியைப் பெரியப்பா எப்போதோ கெடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே வைத்தியம் தொடங்கியது. அவள் வாசலில் நின்று சொல்வாள், என் மனைவி திருப்பிச் சொல்வாள், நான் செய்ய வேண்டும். தொட்டுச் செய்யும் வைத்தியமாக இருக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் ஒரு விரலும் வைக்கவில்லை.

"மல்லாந்து படுத்து ரெண்டு முழங்காலையும் மடக்கச் சொல்லுங்க அத்தை. பாதம் மெத்தையில இருக்கட்டும். இப்ப இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவுல இருக்கற சந்து மறையற மாதிரி மெதுவா அமுக்கணும், பிறகு விடணும். வலிக்கும். வலிச்சா உடையுதுன்னு அர்த்தம் இல்லை."

"வலிக்குமாம், ஆனா உடையாதாம்" என்றாள் என் மனைவி.

"எனக்கும் கேட்டது."

"அப்ப நேரா அவளே சொல்லட்டுமே, எனக்கு அடுப்புல வேலை கிடக்கு."

"நீ இங்கயே நில்லு."

முழங்கால்களைச் சேர்த்து இடம் வலமாகச் சாய்க்கச் சொன்னாள். இடப்பக்கம் போனது. வலப்பக்கம் பாதியில் நின்றது. உடம்பே பலகையாகிவிட்டது.

"மூச்சைப் பிடிக்கிறார் அத்தை. திரும்பறப்பல்லாம் மூச்சு நின்னுபோகுது. விடச் சொல்லுங்க. அடிபடும்னு நினைச்சு உடம்பு தன்னைத் தானே கட்டிப்போட்டுக்குது. கட்டு இறுக இறுக வலி கூடும்."

"விறைப்பா இருக்காதீங்களாம்" என்று என் மனைவி சுருக்கினாள். "இதைத்தான் நானும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றேன்." வாசலில் மருமகள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்திருப்பாள்.

எழுந்திருக்கும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தாள். நேராக எழக் கூடாது. ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் எழ வேண்டும். முதல் தடவை எழுந்து உட்கார்ந்தபோது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நேராக்கப் பார்த்தேன், முடியவில்லை. எதிரே இருந்த அலமாரிக் கண்ணாடியில் காற்றில் சாய்ந்த விளக்குக் கம்பம் போல ஒரு கிழவன் தெரிந்தான். எனக்கு அவனை அடையாளம் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சமையலறையில் மகனும் மருமகளும் பேசிக்கொண்டது என் கட்டிலுக்குக் கேட்டது. கேட்கட்டும் என்று பேசவில்லை, ஆனால் எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை.

"திங்கட்கிழமை சேரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்களாம். கேட்டுப் பாத்துட்டேன்" என்றாள் அவள்.

"அவருக்கு வேண்டியது அதுதான். நீ போ."

"எப்படிப் போறது? குளியலறைக்குப் போகவே ரெண்டு ஆள் வேணும். அத்தையால தாங்க முடியாது. நீங்களும் கிளம்பிடுவீங்க. விழுந்துட்டார்னா?"

"விழமாட்டார். நீ பஸ் ஏறினதும் எழுந்து உட்கார்ந்து பசிக்குதேம்பார். எங்க குடும்பம் எனக்குத் தெரியும்."

"வலி நிஜம்."

"படத்துல ஒண்ணும் இல்லையே."

"படத்துல வலி தெரியாது. நான் பாக்குறேன்ல? திரும்பறப்ப நெத்தி வேர்க்குது. மூச்சு நிக்குது. அதையெல்லாம் யாரும் நடிக்க முடியாது."

"உனக்கு அவரைத் தெரியாது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான் பெற்று வளர்த்தவன் என்னைத் திருடன் என்கிறான். யாருடைய வேலையை நான் தடுத்தேனோ அவள் எனக்காக வாதாடுகிறாள். என் பக்கம் பேசியதற்கு விலையாக அவளுக்கு அந்த வேலை போகிறது.

மனைவியைக் கூப்பிட்டேன். "அவளைப் போகச் சொல்லு. நான் சமாளிச்சுக்குவேன்."

"சொன்னேங்க. அவர் தனியா குளியலறை வரைக்கும் நடந்து போயிட்டு வரட்டும், அப்ப போறேங்குறா."

அவ்வளவுதானே என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதே வேலை. முழங்காலைச் சாய்த்தேன். இடுப்பை மெத்தையில் அமுக்கினேன். வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டேன். கவிழ்ந்து படுத்து முழங்கை ஊன்றிப் பார்த்தேன். அவள் சொல்லாததையும் ஒன்றிரண்டு நானாகச் செய்தேன், அதற்கு உடனே தண்டனை கிடைத்தது. சாயங்காலம் எழுந்து நின்றேன். மகன் அறை மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மருமகள் வாசலில் நின்றாள். கதவுவரை போனேன். கதவிலிருந்து குளியலறைக்குப் போகும் நடையில் பிடிக்க ஒன்றுமில்லை. அங்கே இடுப்பு மறுபடி கவ்வியது. முழங்கால் மடங்கியது. என்னைப் பிடித்தது மகன்தான். ஆனால் அவன் பிடித்த விதத்தில் அவசரம் இல்லை.

"நல்லா இருந்துச்சுப்பா" என்று என் காதில் மட்டும் சொன்னான்.

மருமகளின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள், "காலையில ஃபோன் பண்ணி வரலைன்னு சொல்லிடுறேன் அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் அறையில் அலமாரிக் கதவு திறக்கும் சத்தமும், வேலைக்கு உடுத்திப் போக எடுத்து வைத்திருந்த துணியை மறுபடி அடுக்கும் சத்தமும் கேட்டன. பெரியப்பா காதுகொடுத்துக் கேட்ட சத்தம் அதுதான். எனக்குப் பசிக்கவில்லை.

படுத்துக்கொண்டே யோசித்தேன். எழுந்திருக்காமல் கிடந்தால் வேலையைத் தடுக்கப் படுத்தவன் ஆவேன். எழுந்தால் இத்தனை நாளும் நடித்தவன் ஆவேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நெஞ்சுவலித் தாத்தாவின் தம்பி மகன்தான். மானத்தைக் காப்பாற்ற வழி எதுவும் மிச்சமில்லை. வார்த்தை மட்டும்தான் மிச்சம்.

திங்கட்கிழமை காலை, வீடு எழுவதற்கு முன், ஒருக்களித்தேன். காலைத் தொங்கவிட்டேன். முழங்கையை ஊன்றினேன். குளியலறைப் பக்கம் போகவில்லை, பிடிக்க ஒன்றுமில்லாத அந்த நடை எனக்குப் பயமாக இருந்தது. கூடத்தின் பக்கம் சுவர் உண்டு, சுவரை அடுத்து நாற்காலிகள் உண்டு. ஒன்றைப் பிடித்து ஒன்றாக நகர்ந்தேன். ஊதாப் பந்தைச் சுற்றிக்கொண்டு போனேன். முன்கதவு வந்தது. கதவுக்கு வெளியே இரண்டு படி, பிறகு சின்ன நடைபாதை, பிறகு இரும்புக் கேட். படியில் இறங்கும்போது என்ன சத்தம் போட்டேன் என்று தெரியாது. கேட்டை அடைந்து கம்பியைப் பிடித்துக்கொண்டபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஆனால் தெருவே பார்க்கிற இடத்தில் நின்றுவிட்டேன்.

விடிந்த பிறகுதான் மருமகள் கையில் போனோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். அவளுக்குப் பின்னால் மகன் வந்தான்.

"பாத்தியா!" என்றான் அவன். "நான் சொல்லல? நேத்து கதவு தாண்ட முடியாதவர் இன்னைக்குக் கேட்டுல நிக்கிறார்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. என் சட்டையைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தாள். சாய்ந்திருந்த என் தோளைப் பார்த்தாள்.

அருகில் என் மனைவி இல்லை. வேறு வழியும் இல்லை.

"நேரமாகுது, கிளம்பலையா?" என்றேன், நேராக அவளிடம்.

அவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு படி இறங்கிப் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டாள்: "மாமா, வலி எவ்வளவு? பத்துக்கு?"

"ரெண்டு" என்றேன்.

அவள் நம்பவில்லை என்று அவள் கண்ணில் தெரிந்தது. நான் நம்பச் சொல்லவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. "மூச்சைப் பிடிக்காதீங்க மாமா" என்றாள். "எடையை ரெண்டு கால்லயும் மாத்தி மாத்தி வைங்க. உள்ள போறப்ப அவசரப்படாதீங்க. சாயங்காலம் வந்து பாக்குறேன்." தயாராக எத்தனை நேரம் எடுத்தாளோ, அவளும் மகனும் கேட்டைத் தாண்டும்வரை நான் அதே கம்பியைப் பிடித்தபடி, அவர்களுக்கு வழிவிடுபவன் போல நின்றேன்.

மகன் வண்டியைக் கிளப்புமுன் சிரித்தான். இரண்டு மூன்று நாளாகக் காணாத, சின்ன வயதுச் சிரிப்பு. "பரவால்லப்பா, விட்டுக் கொடுத்துட்டீங்க. ஆனா இந்த நடிப்புக்குக் கோப்பையே குடுக்கலாம்."

பதில் சொல்ல மூச்சு வேண்டும். தலையை மட்டும் ஆட்டினேன். அவன் அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டான். வண்டி முனை திரும்பியது.

திரும்பி உள்ளே போகலாம் என்று வலது காலை எடுத்தேன். கால் வரவில்லை. இடது காலை எடுத்துப் பார்த்தேன். கேட்டைப் பிடித்த கையை விட்டால் நடைபாதையில்தான் கிடப்பேன் என்று புரிந்தது.

தையல்காரர் கடைக் கதவைத் தூக்கினார். "என்ன சார், காலங்காத்தால காவலா?"

"காத்து நல்லா இருக்கு."

"எழுந்திரிக்கவே முடியலன்னாங்க?"

"யார் சொன்னா?"

"அது சரி, இரும்பாச்சே" என்று அவர் உள்ளே போனார். பால்காரர் போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். தெரிந்த முகம் ஒவ்வொன்றுக்கும் நான் தலையசைத்தேன். வெயில் நடைபாதைக்கு வந்து என் பாதத்தைத் தொட்டது.

என் மனைவி வெளியே வந்தாள். "அங்க என்ன பண்றீங்க? காபி ஆறுது."

"நீ போ. வர்றேன்."

அவள் போகவில்லை. கொஞ்ச நேரம் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். பிறகு உள்ளே போய் ஒரு பழைய துணியை நனைத்து எடுத்துவந்தாள். என் பக்கத்தில் வந்து நின்று கேட் கம்பிகளைத் துடைக்கத் தொடங்கினாள். தெருவில் போனவர்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் கேட்டைச் சுத்தம் செய்வது போலத் தெரிந்திருக்கும். என் கை இருந்த கம்பியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் துடைத்தாள். துடைத்து முடித்ததும், மறுபடி முதல் கம்பியிலிருந்து ஆரம்பித்தாள்.